ஹாலோ பிளாக் வந்த கதை

நம்ம ஊர்ல மாட்டுக்கொட்டகையில இருந்து மாடி வீடு வரைக்கும் இப்ப ஹாலோ பிளாக்தான். "நடுவுல ஓட்டையா இருக்கே, தாங்குமா?"ன்னு பெரியவங்க இன்னும் கேக்குறாங்க.

இந்தக் கல்லுக்கு வயசு நூறைத் தாண்டிடுச்சுங்க. 1900-ல் அமெரிக்காவின் ஹார்மன் பால்மர், இதை வார்க்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு சியர்ஸ் கம்பெனி அந்த மாதிரி கை இயந்திரங்களைத் தபால் மூலமே விற்றது. அங்குள்ள விவசாயிகள் மணலும் ஜல்லியும் சிமெண்டும் கலந்து, தங்கள் களத்திலேயே கல் அறுத்தார்கள். அச்சை உடனே கழற்றணும்னு கலவையில தண்ணியைக் குறைச்சாங்க. அப்படிச் செஞ்ச பல கல்லு மழையை உறிஞ்சிச்சு.

ஆக, குறை ஓட்டையில இல்ல, கலவையிலயும் ஈரத்துலயும்தான். இன்றைய இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2185, குறைந்தது 14 நாள் கல்லை ஈரமாகவே வைக்கச் சொல்லுது. கல் வாங்கப் போனா விலைக்கு முன்னாடி, எத்தனை நாள் தண்ணி விட்டீங்கன்னு கேளுங்க.