வயிற்றுப்புண்ணும் ஒரு கிருமியும்

போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் ஏலமலைச் சரிவுகளுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் பலரை நான் அறிவேன். அவர்களுள் ஒருவர்க்கு வயிற்றுப்புண் கண்டால், "வேளைக்கு உண்பதில்லை, காரம் மிகுதி" என்று ஊரார் அவரையே குறை கூறுவர். இப்பழி எத்துணைப் பொருந்தும்? மருத்துவ வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1922ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் சோமர்வெல், அதன்பின் தென்னாட்டைக் காண வந்தார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மருத்துவமனையில் நோயாளர் திரளைக் கண்டு மனமிரங்கி, அங்கேயே பணிபுரியத் துணிந்தார். முன்சிறுகுடலில் புண் கண்டு வருந்தியோர் அங்கு ஏராளம். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்து, புண்ணின்மீது அமிலம் படாது காப்பதே அந்நாளைய அறுவை முறை. 1948இல் இத்துறை பற்றி அவர் நூலொன்று எழுதினார். 1949 முதல் 1961 வரை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். அறுவையால் பலர் துயர் தணிந்தது; நோயின் மூலமோ மறைந்தே இருந்தது.

அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் அறிஞர், அழற்சியுற்ற இரைப்பைத் திசுவில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். அக்கிருமியை வளர்க்கும் முயற்சிகள் பலமுறை தோற்றன. இரண்டு நாளில் வளர்ச்சி தெரியாவிடின் தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் அவை ஐந்து நாள் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது! 1984இல் மார்ஷல் அதைத் தாமே பருகினார்; சில நாளில் இரைப்பை அழற்சி உண்டாயிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியா விளைவித்துத் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை மாற்றிவிடுகிறது. 2005இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஆயினும் கிருமி மட்டுமே முழு விடையன்று. மைசூரில் பணிபுரிந்த மருத்துவர் பிராங்க் டோவி, அரிசி உண்ணும் தென்னாட்டில் இந்நோய் மிகுதியென்றும், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவென்றும் எடுத்துக்காட்டினார். கிருமியோ இரு பகுதிகளிலும் பரவியுள்ளது. அது குடிகொண்டோர் பலர்க்குப் புண்ணே தோன்றுவதில்லை. வலி நீக்கும் சில மாத்திரைகளாலும் புண் வருவதுண்டு.

மாணவ நண்பர்களே, காரமும் நேரந்தவறிய உணவும் எரிச்சலை மிகுவிக்கலாம். அவையே மூலமென்று கொள்வது தவறு. உழைப்பவரைப் பழிப்பதை விடுத்து, மருத்துவரிடம் அனுப்பிச் சோதிக்கச் செய்வதே முறை. கிருமி உண்டெனில், நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் ஏறத்தாழ இரு வாரம் முறையாக உண்டால் பெரும்பாலோர் குணமடைவர். அன்று கத்தியை நாடிய நோய்க்கு இன்று மாத்திரையே பெரும்பாலும் போதும். ஊரார் சொல்லை அப்படியே ஏற்காமல் ஆராய்ந்த இருவரால் விளைந்த நன்மை இது.