வணிகக் கட்டடங்களுக்கான குளிர்பதன முறைத் தேர்வு: ஒரு வரலாறு

கடைகள், அலுவலகங்கள், திரையரங்குகள், விடுதிகள் போன்ற பலர் கூடும் கட்டடங்களில் வெப்பம், ஈரப்பதம், காற்றின் தூய்மை ஆகியவற்றைக் கட்டுப்படுத்த எந்த இயந்திர அமைப்பு பொருந்தும் என்று முடிவு செய்வதே குளிர்பதன முறைத் தேர்வு ஆகும். வீட்டில் ஓர் அறைக்கு ஏசி வாங்கினால், பிடிக்காதபோது கழற்றி மாற்றிவிடலாம். பெரிய கட்டடத்தில் அது எளிதன்று. இயந்திரம் அடித்தளத்தில் நிற்குமா, மொட்டை மாடியில் நிற்குமா, காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குக் கூரையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பனவற்றைக் கட்டடம் எழும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவின் பலனைக் கட்டடத்தில் இருப்போர் பல ஆண்டுகள் அனுபவிக்கிறார்கள்.

இந்தத் தேர்வின் வரலாறு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்குகிறது. ஒவ்வொரு காலத்திலும் பொறியாளர்கள் தங்கள் முன் நின்ற கேள்விக்கு நல்ல விடையையே கண்டார்கள். ஆனால் அவர்கள் கேட்க மறந்த கேள்வி, அடுத்த தலைமுறைக்குச் சிக்கலாக வந்து சேர்ந்தது.

காகிதத்துக்காகப் பிறந்த முறை

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில் கோடைக்காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. வண்ணப் படங்களை அச்சிடும்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகக் காகிதத்தில் ஏற வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும்; குறைந்தால் சுருங்கும். முதல் நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் காகிதத்தின் அளவு மாறிவிட்டால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் படம் கெட்டுவிடும்.

இதைத் தீர்க்கும் பணி பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்துக்கு வந்தது. அங்கே பணியாற்றிய 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902 ஜூலையில் அதற்கான வரைபடங்களை உருவாக்கினார். குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே முறையில், குளிர்ந்த சுருள் குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி அதிலுள்ள ஈரத்தைப் பிரித்து, அறையின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்துவதே அவருடைய திட்டம். ஆக, நவீன குளிர்பதனம் முதலில் கட்டுப்படுத்த முயன்றது மனிதர் உணரும் வெப்பத்தை அன்று; காகிதம் உறிஞ்சும் ஈரத்தை. இன்றும் ஈரப்பதத்தைக் கணக்கில் கொள்ளாமல் குளிரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு, அறையைச் சில்லென்று ஆக்கினாலும் புழுக்கத்தையும் பூஞ்சணத்தையும் விட்டுவைக்கும்.

கையில் இருந்த நீராவி

1903இல் திறக்கப்பட்ட நியூயார்க் பங்குச்சந்தைக் கட்டடத்தில் தேவை வேறாக இருந்தது. பெரிய வணிகக் கூடத்தில் மனிதர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பொறியாளர் ஆல்பிரட் வுல்ஃப் புதிய எரிபொருளைத் தேடுவதற்கு முன், கட்டடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தார். மின்சாரம் உண்டாக்கும் நீராவி எந்திரங்கள் அங்கே இருந்தன. அவை வேலை முடித்து வெளியேற்றும் நீராவியைக் குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கப் பயன்படுத்த முடியும். கோடையில் அது வீண்தான்.

வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்கும் உறிஞ்சு முறை என்று ஒன்று உண்டு. இதில் அம்மோனியாவை நீர் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெப்பம் கொடுத்து அம்மோனியாவைப் பிரிப்பார்கள். கம்பிரசர் செய்யும் வேலையை இங்கே வெப்பம் செய்கிறது. வீணாகும் நீராவியை வுல்ஃப் இதற்குப் பயன்படுத்தினார். கழிவு வெப்பம் தாராளமாகக் கிடைக்கும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இம்முறை இன்றும் பரிசீலிக்கப்படுகிறது.

கடைக்கும் திரையரங்குக்கும் வந்த குளிர்

தொடக்ககாலக் குளிர்பதன இயந்திரங்கள் பெரும்பாலும் அம்மோனியாவில் இயங்கின. பிஸ்டன் கொண்ட அந்த இயந்திரங்கள் அதிக இடத்தை அடைத்துக்கொண்டன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பனிக்கட்டி ஆலையில் இதைச் சமாளிக்கலாம். ஆயிரம் பேர் அமரும் அரங்கின் அடியில் வைப்பதற்கு உரிமையாளர்கள் தயங்கினார்கள்.

1922இல் கேரியர் மையவிலக்கு முறையில் சுழலும் குளிர்விப்பு இயந்திரத்தை வெளியிட்டார். இது அளவில் சிறியது. அம்மோனியாவைவிட ஆபத்துக் குறைந்த பொருளில் இயங்கியது. 1924இல் டெட்ராய்ட் நகரின் ஜே. எல். ஹட்சன் பல்பொருள் அங்காடி இத்தகைய 3 இயந்திரங்களை வாங்கியது. அதன் அடித்தளத்தில் நடந்த மலிவு விற்பனைகளில் கூட்டமும் வெக்கையும் சேர்ந்து வாடிக்கையாளர்கள் மயங்கி விழுந்ததே அதற்குக் காரணம்.

அந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 195 டன் திறன் கொண்டவை. இங்கே டன் என்பது இயந்திரத்தின் எடையைக் குறிக்காது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த அளவே ஒரு டன் குளிர். இது ஏறக்குறைய 3.5 கிலோவாட்டுக்குச் சமம். பனிக்கட்டிப் பாளங்களை வைத்துக் குளிர்வித்த காலத்தின் எச்சமாக இந்த அளவு நம் வீட்டு ஏசி வரை வந்துள்ளது.

1925இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கு இம்முறையை ஏற்றது. அதற்கு முந்தைய சில அரங்குகளில் குளிர்காற்று தரையிலிருந்த துளைகள் வழியே வந்தது. படம் பார்ப்பவர்களுக்குக் கால் விறைக்கும்; தலைப்பக்கம் புழுங்கும். கூரையிலிருந்து காற்றை மெல்ல இறக்கும் முறை இக்குறையைப் போக்கியது. குளிரை உண்டாக்குவது பாதி வேலைதான், அதை மனிதர் மேல் எப்படிப் பரப்புவது என்பது மறுபாதி என்று அரங்க உரிமையாளர்கள் இதன்மூலம் கற்றார்கள்.

உயர்ந்த கட்டடங்களும் நீரும்

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் 1928 ஜனவரியில் திறக்கப்பட்ட மிலாம் கட்டடம் 21 தளங்கள் கொண்டது. அமெரிக்காவில் முழுவதும் குளிர்பதனம் செய்யப்பட்ட முதல் உயர்ந்த அலுவலகக் கட்டடம் இதுவே. இதன் குளிர்பதனத் திறன் 300 டன்.

உயரம் புதிய கேள்வியைக் கொண்டுவந்தது. குளிர்ந்த காற்றை ஒரே இடத்தில் உண்டாக்கி 21 தளங்களுக்கும் அனுப்பினால், அகன்ற காற்றுக் குழாய்களே வாடகைக்கு விட வேண்டிய இடத்தை விழுங்கிவிடும். அதனால் இயந்திரம் நீரைக் குளிர்வித்தது; அந்நீர் குழாய் வழியே மேலேறி, ஆங்காங்கே இருந்த விசிறி அமைப்புகளில் காற்றைக் குளிர்வித்தது. ஒரே கன அளவுள்ள நீர், காற்றைப் போல 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கக்கூடியது. காற்றுக்கு ஓர் அறையளவு வழி வேண்டிய இடத்தில் நீருக்கு ஒரு குழாய் போதும். சில்லர் எனப்படும் குளிர்நீர் அமைப்பு இன்றும் பெரிய கட்டடங்களின் முதல் தேர்வாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பின்னர் சன்னலுக்குக் கீழே சிறு கருவிகளை வைத்து, குறுகிய குழாய்களில் வேகமாகக் காற்றையும் தனிக் குழாயில் நீரையும் அனுப்பும் முறையைக் கேரியர் நிறுவனம் உருவாக்கியது. 1950இல் முடிக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலகக் கட்டடம் இத்தகைய கருவிகளை ஏற்றது. அக்கட்டடத்தின் கிழக்கு, மேற்கு முகங்கள் முழுக்கக் கண்ணாடி. வடிவமைப்புக் குழுவில் இருந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, வெயில் கண்ணாடியில் படுமுன்பே அதைத் தடுக்கும் வெளித்தடுப்புகள் வேண்டும் என்று வற்புறுத்தினார். குழுவின் தலைவர் வாலஸ் ஹாரிசன் வெப்பம் உறிஞ்சும் கண்ணாடியையும் குளிர்பதனத்தையும் நம்பினார். ஹாரிசனின் வழியே நின்றது. அதன்பின் உலகெங்கும் எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை இயந்திரத்தால் வெளியேற்றுவதை வழக்கமாக்கின.

பாதுகாப்பான வாயுவின் கதை

ஏசி மெக்கானிக்குகள் "கேஸ்" என்று சொல்லும் குளிரூட்டும் வாயுவே இந்த இயந்திரங்களின் இரத்தம். அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகிய பழைய வாயுக்கள் நச்சுத்தன்மை கொண்டவை. 1928இல் தாமஸ் மிட்ச்லியும் அவருடைய குழுவினரும் இதற்கு மாற்றாகக் குளோரோஃபுளோரோ கார்பனை முன்வைத்தார்கள். 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ச்லி அந்த வாயுவை உள்ளிழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்தார். நச்சும் இல்லை, தீயும் பற்றாது என்பதற்கு அது சான்றாயிற்று.

அறைக்குள் இருப்பவருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு அது சரியான விடை. வாயு வெளியேறி வானில் என்ன செய்யும் என்ற கேள்வி 1974இல்தான் எழுந்தது. அந்த ஆண்டு மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இவ்வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எடுத்துக்காட்டினார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களையும் மாற்றவோ திருத்தவோ வேண்டிய நிலை உரிமையாளர்களுக்கு வந்தது. ஓசோனைச் சிதைக்காத ஹைட்ரோஃபுளோரோ கார்பன்கள் அந்த இடத்துக்கு வந்தன. அவை புவியை வெப்பமாக்குவதால், அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன.

மூடிய சன்னல்களின் விலை

1976 ஜூலையில் பிலடெல்பியா நகரின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு விடுதியில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. அங்கே கூடியவர்களுக்கும் அப்பகுதியில் இருந்த சிலருக்கும் கடும் நுரையீரல் காய்ச்சல் கண்டது. 34 பேர் இறந்தார்கள். 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அது லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. விடுதியின் குளிர்பதன அமைப்பைச் சேர்ந்த குளிர்விப்புக் கோபுரத்தின் மீதே சந்தேகம் விழுந்தது. வெதுவெதுப்பான நீரைத் திவலையாக வெளியிடும் அத்தகைய கோபுரங்களைத் தூய்மை செய்வது உயிர் காக்கும் பணி என்பதை உலகம் அதன்பின் உணர்ந்தது.

அதே பத்தாண்டில் 1973இன் எண்ணெய் நெருக்கடி மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. வெளிக்காற்றை உள்ளே எடுத்தால் அதைக் குளிர்விக்க ஆற்றல் செலவாகும். எனவே, அதைக் குறைத்தார்கள். ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கம் 1981இல் வெளியிட்ட தரநிலை, புகைபிடிக்காத அலுவலகத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று அலுவலக ஊழியர்கள் முறையிட்டார்கள். வீடு திரும்பியதும் சரியாகிவிடும் இத்தொல்லைகள் "நோயுற்ற கட்டடம்" என்ற பெயரில் அறியப்பட்டன. 1989இல் அதே சங்கம் அந்த அளவை 20 கன அடியாக உயர்த்தியது. மின்கட்டணத்தில் மிச்சப்பட்டது ஊழியர்களின் உடல்நலத்தில் செலவானதைச் சரிசெய்ய 8 ஆண்டுகள் ஆயின.

இரு வேறு விடைகள்

1982இல் ஜப்பானின் டைகின் நிறுவனம் ஒரே வெளி இயந்திரத்துடன் பல அறைக் கருவிகளை இணைக்கும் விஆர்வி முறையை அறிமுகப்படுத்தியது. பெரிய காற்றுக் குழாய்கள் இதற்குத் தேவையில்லை. ஒரு தளத்தில் ஒரு அலுவலகம் மட்டும் இரவில் வேலை செய்தால் அதற்கு மட்டும் குளிர் தரலாம். நடுத்தரக் கட்டடங்களுக்கும், பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கும் இது பொருந்தியது. ஆனால் வாயுவே அறைவரை வருவதால், சிறிய அறைகளில் கசிவு நேர்ந்தால் என்னவாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். புதிய வெளிக்காற்றுக்குத் தனி ஏற்பாடும் வேண்டும்.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் முடிக்கப்பட்ட ஈஸ்ட்கேட் வணிக வளாகம் வேறு பாதையில் சென்றது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், அரப் நிறுவனப் பொறியாளர்களுடன் சேர்ந்து, வழக்கமான குளிர்பதன இயந்திரம் இல்லாமலே அதை வடிவமைத்தார். ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது, இரவுகள் குளிர்ந்தவை. இரவில் விசிறிகள் குளிர்காற்றைத் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்களில் செலுத்தும். கனத்த கான்கிரீட் அந்தக் குளிரைத் தாங்கி வைத்துப் பகலில் தரும். வெப்பக் காற்று புகைபோக்கிகள் வழியே வெளியேறும். கறையான் புற்றுகளே இதற்குத் தூண்டுதல் என்பார்கள். புற்றில் காற்று இயங்கும் விதம் பற்றிய அன்றைய கருத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தினார்கள். கட்டடம் அதனால் பாதிக்கப்படவில்லை. இரவிலும் புழுக்கம் நீங்காத சென்னை போன்ற கடற்கரை நகரில் இம்முறையை அப்படியே எடுத்தாள முடியாது. அந்த ஊரின் வானிலையைப் படித்ததே பியர்ஸிடமிருந்து கற்க வேண்டியது.

இன்று கேட்கப்படும் கேள்விகள்

மேலே கண்ட நிகழ்வுகள் ஒவ்வொன்றும் இன்றைய தேர்வுப் பட்டியலில் ஒரு கேள்வியாக நிலைத்துள்ளன.

- கட்டடத்துக்கு எத்தனை டன் தேவை? தேவைக்கு மிகுந்த இயந்திரம் அடிக்கடி நின்று ஓடி ஈரத்தைச் சரியாக நீக்காது.
- வெயிலை வெளியிலேயே தடுக்க முடியுமா? நிழலால் குறையும் ஒவ்வொரு டன்னும் வாங்க வேண்டாத டன்.
- யார், எந்த நேரத்தில் பயன்படுத்துவார்கள்? நாள் முழுதும் நிரம்பியிருக்கும் கட்டடத்துக்குச் சில்லரும், பகுதி பகுதியாக இயங்கும் கட்டடத்துக்கு விஆர்வியும் பொருந்தலாம்.
- தண்ணீர் கிடைக்குமா? குளிர்விப்புக் கோபுரம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நாள்தோறும் நீரை ஆவியாக்கும். நீர் பற்றாத ஊரில் காற்றால் குளிரும் இயந்திரமே ஏற்றது.
- எந்த வாயு? இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் அது சட்டப்படி கிடைக்குமா?
- ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வெளிக்காற்று?
- பராமரிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்களா?

இந்தியாவில் 2007இல் வெளியான ஆற்றல் சேமிப்புக் கட்டட நெறிமுறை, பெரிய வணிகக் கட்டடங்களின் சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றையும் குளிர்பதன இயந்திரங்களையும் ஒன்றாகவே கணக்கில் கொள்கிறது. ஐக்கிய நாடுகள் கட்டடத்தில் லெ கொர்பூசியே எழுப்பிய வெயில் தடுப்புக் கேள்வி, இவ்வாறு இயந்திரத்தை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வியாகியுள்ளது.