சிறு கோள்களும் விண்வெளி வாணிபமும்

வாணிபம் முதலில் நிலவழி கண்டது. பின்னர்க் கடல்வழி கண்டது. இன்று விண்வழியும் கண்டுள்ளது. அவ்விண்வெளி வாணிபத்தில் சிறிய செயற்கைக் கோள்கள் ஏற்றம் பெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு செலுத்திய முதற் கோளின் எடை ஏறத்தாழ 84 கிலோகிராமே. பின்னர்க் கோள்கள் டன் கணக்கில் வளர்ந்தன. செலவும் உடன் வளர்ந்தது. பேரரசுகளன்றிப் பிறர் அத்துறையில் அடி வைத்தல் அரிதாயிற்று.

இந்நிலையை மாற்றியவர்கள் கல்விக்கூடத்தாரே. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சுவீட்டிங் என்பாரும் அவர்தம் துணைவரும், கடைகளில் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைக் கொண்டே சிறு கோள் ஒன்றைச் சமைத்தனர். 1981-இல் அது அமெரிக்க ராக்கெட்டில் மற்றொரு கோளுக்குத் துணைப் பயணியாய்ச் சென்றது. 1985-இல் அப்பல்கலைக்கழகம் இதனைத் தொழிலாக நடத்த ஒரு நிறுவனமே கண்டது. 1999-இல் அமெரிக்கப் பேராசிரியர்களான ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் டுவிக்ஸ் ஆகிய இருவரும், பக்கம் 10 செண்டிமீட்டர் கொண்ட கனசதுரத்தைப் பொது அளவாக வகுத்தனர். எவர் செய்த கோளாயினும் ஒரே வகைப் பெட்டியில் அடங்கிற்று. மீட்டர்ப் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த நிலையங்களில் சரக்கை இறக்கி ஏற்றிய தொல்லையை இரயில்வே ஊழியராகிய நாம் அறிவோம். அளவு ஒன்றாதலின் அருமை நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

நம் பாரத நாடு இவ்வாணிபத்தில் சுமந்து செல்வோராகப் புகழ் பெற்றது. 1999-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட், நம் கோளுடன் கொரியக் கோள் ஒன்றையும் செர்மானியக் கோள் ஒன்றையும் ஏற்றிச் சென்றது. 2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே பயணத்தில் 104 கோள்கள் சென்றன. அவற்றுள் 101 அயல்நாட்டவை. அவற்றிலும் 88 கோள்கள் ‘பிளானட்’ என்னும் ஒரே அமெரிக்க நிறுவனத்தினுடையவை. ஒவ்வொன்றும் 5 கிலோவுக்குக் குறைந்த அவை, புவியைப் படமெடுத்தன. பயிரின் நிலையும் வெள்ளத்தின் பரப்பும் காட்டும் அப்படங்களை அந்நிறுவனம் உலகெங்கும் விற்கின்றது.

இங்கு ஓர் உண்மையை நாம் எண்ணுதல் வேண்டும். சுமப்போர்க்குக் கட்டணம், சரக்குடையார்க்கே இலாபம். கட்டணத் தொழிலிலோ போட்டியும் கடிது. 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரே ராக்கெட்டில் 143 கோள்களை ஏற்றி, 104 என்ற நம் எண்ணிக்கையைக் கடந்தது. 2025 ஜனவரியில் பெங்களூரின் ‘பிக்செல்’ நிறுவனத்தார் தம் மூன்று கோள்களை அந்நிறுவனத்தின் ராக்கெட்டிலேயே அனுப்பினர். பாரதச் சரக்கு அயலார் வண்டியில் ஏறிற்று!

மேலும், துணைப் பயணி முதற் பயணியின் நேரத்திற்கும் பாதைக்கும் கட்டுப்பட்டவர். ஆதலின் சிறு கோள்களுக்கென்றே எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டை நம் அறிஞர் ஆக்கினர். 2022-இல் தோல்வி கண்ட அது, 2023 பிப்ரவரியில் வென்றது. அதற்கென ஓர் ஏவுதளத்திற்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளையாது தென்கடல் மீது நேரே செல்லலாம், எரிபொருள் மிஞ்சும்.

வண்டி உண்டு, நிலையமும் எழும், சரக்கு எவருடையது? 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘அனுசாட்’ என்னும் 40 கிலோக் கோள் விண்ணேறியது. அவ்வழியில் நம் சங்கத்து இல்லங்களின் இளைஞரும் சுமப்போராய் அமையாது, ஆக்குவோராய் ஓங்குக!