மாதுங்காவில் சீயக்காய்

1896-இல் பம்பாயை உலுக்கிய பிளேக் நோயின் விளைவாக, 1898-இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த தாதர், மாதுங்கா மனைகளில், உத்தியோகம் தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், ஆடவருக்குச் சனியும் புதனும், ஸ்திரீகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற எண்ணெய் ஸ்நான நியமத்தையும் உடன் கொண்டுவந்தன. எண்ணெய் போகத் தேய்க்கும் சீயக்காய்ப் பொடியோடு சேரும் சரக்குகள் அவரவர் கேசத்தின் சுபாவத்தைப் பொறுத்தே அமைந்தன: பிசுக்கு மிகுந்த தலைக்குப் பச்சைப்பயறு கூடும், வறண்ட கூந்தலுக்கு வெந்தயமும் செம்பருத்தியும் கூடும், குளிர்ச்சி நாடிய கொங்குநாட்டார் அரப்பு இலைப்பொடியையே விரும்பினர்.

சீயக்காயில் இயற்கையாகவே உள்ள சபோனின் என்னும் நுரைப்பொருள் அழுக்கை அகற்றினும், அதன் கரைசல் இலேசான அமிலத் தன்மை உடையதாதலால், காரம் மிக்க சோப்பைப் போல மயிரைச் சொரசொரப்பாக்குவதில்லை. பிற்காலத்தில் பம்பாயின் கோத்ரெஜ் முதலிய கம்பெனிகள் சீயக்காய் சோப்புக் கட்டிகளை விற்றபோது, பொடியின் திப்பியை அலசும் சிரமம் ஒழிந்தது மெய்யே. ஆயினும் பெயரில் சீயக்காய் இருந்தாலும் அடிப்படை சோப்பே ஆகையால், வறண்ட கேசமுடையோருக்குப் பழைய பொடியே உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். கட்டியையே விரும்புவோர், முன்னதாக நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, உள்ளங்கையில் நுரைத்துப் பூசுவது நலம்.