யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை

கணினி என்றாலே கூட்டிக் கழிக்கத்தான் லாயக்கு என்று எல்லோரும் நம்பிய காலம். 1952-ல் அமெரிக்கக் கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர், மனிதர் எழுதும் கட்டளையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் 'கம்பைலர்' ஒன்றைச் செய்து காட்டினார். சில ஆண்டுகளில் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதும் ஃப்ளோமேட்டிக் மொழியும் வந்தது. ப்ரோகிராம் படிக்காத குமாஸ்தாவும் கணினியை வேலை வாங்கலாம் என்ற ஆசை முளைவிட்டது. அது பலிக்க எழுபது ஆண்டுகள் ஆயின.

நடுவில் அந்த ஆசை தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஸ்ரீதர் வேம்புவும் சகோதரர்களும் நண்பர்களும் 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றது. 2001 வாக்கில் அந்தத் தொழிலே சரிய, வாங்கியவர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். பிழைக்க வேறு வழி தேடியதில் பிறந்தது ஸோகோ. 2006-ல் அது கொண்டுவந்த 'கிரியேட்டர்', பெட்டிகளை இழுத்துப் போட்டே ஒருவர் தனக்கு வேண்டிய செயலியைச் செய்துகொள்ள வழிவிட்டது. ஆனால் சிக்கலான வேலை என்றால் 'டெலூஜ்' மொழியில் நாலு வரி எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த நாலு வரியில் போய் முட்டி நின்றது பாதை.

வழி பிறந்தது வேறெங்கோ, தற்செயலாக. 2020-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-3 என்ற மொழி மாடல், வாக்கியத்தில் அடுத்த சொல் என்ன என்று ஊகிக்கப் பழக்கப்பட்டது, அவ்வளவுதான். இணையத்திலிருந்து வாரிய எழுத்துக் குவியலில் ப்ரோகிராம்களும் கலந்து கிடந்தன. சின்னச் சின்ன ப்ரோகிராம்களை அது தானாகவே எழுதத் தொடங்கியபோது செய்தவர்களே அசந்துபோனார்கள். நிஜமாகவே கற்றுக்கொண்டதா, குருட்டு அதிர்ஷ்டமா?

பரீட்சை வைத்தார்கள். பழைய கேள்விகளுக்கு இணையத்திலேயே விடை இருக்கும் என்பதால் 164 கணக்குகளைப் புதிதாகக் கையால் எழுதினார்கள். முதல் கணக்கு: ஒரு பட்டியலில் எந்த இரண்டு எண்களாவது சொன்ன அளவைவிட நெருங்கி இருக்கின்றனவா என்று ப்ரோகிராம் கண்டுபிடிக்க வேண்டும். ஜிபிடி-3 வாங்கிய மதிப்பெண் பூஜ்யம். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்களோ, ப்ரோகிராமர்கள் தங்கள் ப்ரோகிராம் வரிகளை, அதாவது 'கோடு'களை, சேர்த்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடந்தவற்றை ஊட்டி 'கோடெக்ஸ்' என்ற புதிய மாடலைப் பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். முதல் முயற்சியிலேயே 28.8 சதவீதம்! ஒவ்வொரு கணக்கையும் 100 தடவை எழுதவிட்டபோது 70 சதவீதக் கணக்குகளில் ஒரு விடையாவது தேறியது. பத்துக்கு ஏழு தப்பாக எழுதுகிறவனை நம்பி யார் வேலை கொடுப்பார்?

ப்ரோகிராமர்களே கொடுத்தார்கள். 2021 ஜூனில், கோடெக்ஸை வைத்துச் செய்த கிட்ஹப் கோபைலட் வந்தது. ஆனால் அதன் தப்பைத் திருத்தக் கோடு தெரிந்திருக்க வேண்டும். 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்ததும் அந்த வேலியும் விழுந்தது. கோடைப் பார்க்காமலே பேசிப் பேசிச் செய்துகொள்வதற்கு 2025 பிப்ரவரியில், ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு, செங்கல்பட்டு மாவட்டம் கூடுவாஞ்சேரி அருகே பெரிய வளாகம் வைத்திருக்கும் ஸோகோவும் தன் கிரியேட்டருக்குள் 'கோகிரியேட்டர்' என்ற ஏஐ துணையைச் சேர்த்தது. முட்டி நின்ற அந்த நாலு வரியை இனி அது எழுதும்.

மாமல்லபுரத்தில் விடுதி நடத்துகிற ஒருவர், "சனி ஞாயிறுக்கு வாடகை தனி, முன்பணம் போக மீதியைக் காட்டு" என்று தட்டினால் செயலியாக்கித் தரும் ஏஐ கோடிங் உதவியாளர் பிறந்த கதை இதுதான். முதல் பில்லை மட்டும் அவர் கையாலும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. அந்த 164 கணக்கில் சறுக்கிய பழக்கம் அதை இன்னும் முழுசாக விட்டபாடில்லை.