பழவேற்காட்டுப் பாடு

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. ஏரி மீனவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ‘பாடு’ முறையோ நம் காலம்வரை வந்திருக்கிறது.

ஓதம் இறங்கும் நேரத்தில் ஏரி நீர் கடலை நோக்கி ஓடும். அந்த இழுப்போடு இறாலும் முகத்துவாரத்துப் பக்கம் இறங்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே கழிகளை ஊன்றிச் சுத்து வலை கட்டினால் நல்ல வரும்படிதான். ஆனால் அப்படிக் கட்டத் தோதான இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம் முதலான, பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் முறை வைத்து இறங்கின. இந்த முறைதான் பாடு. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு தீர்மானித்தது. முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்தது.

இறால் வளத்தைக் காப்பதற்கென்று யாரும் இதை வகுக்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பும் எரிய வேண்டும், ஊருக்குள் சண்டை வரக்கூடாது என்பதே அவர்களுடைய கவலை. ஆனாலும் ஒரு நாளில் தண்ணீருக்குள் நிற்கும் வலைகளுக்கு அது வரம்பு கட்டியது. நியாயத்துக்காகப் பிறந்த விதி வளத்துக்கும் காவலாக நின்றது.

அந்த நியாயம் எல்லாருக்குமானதாக இருக்கவில்லை. பாடு பிறப்பால் வரும் உரிமை. பட்டினவர் ஆண்களுக்கே உரியது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கில்லை.

இறால் ஏற்றுமதிச் சரக்கானதும் விலை ஏறியது. பாடு இல்லாதவர்களும் ஏரியில் வலையோடு இறங்கினார்கள். தகராறுகள் மூண்டன. இன்னொரு பக்கம் கரையே கைமாறிக்கொண்டிருந்தது. ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் இறால் வரத்தும் குறையும். அப்போது முறை இருந்தும் பயனில்லை.

1991இல் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் அளந்து எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வகுத்தது. கரைக்கு அது தேவையான சட்டமாக இருந்தது. ஆனால் தண்ணீருக்குள் இன்று யாருடைய முறை என்பதற்கு அதில் இடம் இருக்கவில்லை.

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற கட்டுவலைத் தொழில் உண்டு. அங்கும் இடத்தைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. அந்த ஊர் வழக்கத்தை இலங்கை அரசு 1958இல் ஒழுங்குவிதியாகவே எழுதி வைத்தது. பழவேற்காட்டுக்கும் அப்படியொரு ஏற்பு வேண்டும். அதை எழுதும்போது பட்டினவரின் முறையோடு, இதுவரை விடுபட்டுப்போன இருளரின் உரிமையும் ஏட்டில் ஏற வேண்டும்.