அனுப்பியவரே திரும்ப அழைத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

ஊரார் கூடித் தம்முள் ஒருவரைத் தேர்ந்து மன்றத்துக்கு அனுப்புகின்றனர். சென்றவர் கடமை மறந்தால் அவ்வூரார் என் செய்வது? ஐந்தாண்டு முடியுந்துணையும் வாய்மூடிக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லையா? அனுப்பிய கையே அவரைத் திரும்ப அழைக்கலாகாதா? குடிநீருக்கும் சாக்கடைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் அலைந்து சலித்த மக்கள் எங்குள்ளனரோ அங்கெல்லாம் இவ்வினா எழும். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இதற்கு விலக்கல்ல.

ஒடுக்கப்பட்ட மக்களாகிய நமக்கோ, இதனுடன் வேறொரு வினாவும் உண்டு. திரும்ப அழைக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுப்போம் என்கின்றனர். அந்த 'மக்கள்' யார்? நம் பிரதிநிதியை நாம் அழைக்கப் போகின்றோமா, அல்லது நம்மை வேண்டாதார் அழைக்கப் போகின்றனரா? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

மன்றத்து உறுப்பினரைப் பதவியினின்று நீக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது. குற்றங் காணப்பட்டவர் அப்போதே விலக்கப்படுவர். இவ்விதிகளைப் படித்து நாம் பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆயினும் அதே கல்வெட்டை முழுதும் படித்தல் வேண்டும். வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே குடத்தில் ஓலை இடப்பெறும் தகுதியுடையார். அது பிராமணர் சபை. அவ்வூரின் வயலில் உழைத்தவரின் பெயர் அக்குடத்துள் ஒருநாளும் விழுந்ததில்லை. தேர்தலும் கணக்கும் தண்டனையும் அங்கே இருந்தன. நாம் மட்டும் அங்கே இல்லை.

நாம் மன்றம் ஏறிய காலம் மிக அண்மையது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம். சி. இராசா, 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராய் அமர்ந்தார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் 1923இல் அம்மன்றம் புகுந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம் மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்டும் தீர்மானம் 1924இல் நிறைவேறியது சீனிவாசனின் முயற்சியாலேயாம். எனினும், அவர்களை அங்கே அனுப்பியது நம் மக்களின் வாக்கன்று, அரசின் நியமனம். நம் மக்கள் அனுப்பவும் இல்லை. ஆதலின் திரும்ப அழைக்கும் பேச்சுக்கும் இடமில்லை.

வாக்கு என்னும் கருவி நம் கைக்கு வரும் வேளையில் எழுந்ததே 1932ஆம் ஆண்டின் பெரும் போராட்டம். நம் பிரதிநிதியைத் தேர்பவர் நாமா, அனைவருமா என்பதே அதன் உட்பொருள். டாக்டர் அம்பேத்கரும் சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் தனித்தொகுதி கேட்டனர். இராசா கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் ஓர் இடைவழி கண்டது. ஒதுக்கிய ஒவ்வோர் இடத்துக்கும் முதற்கட்டமாக நம் வாக்காளர் மட்டும் நால்வரைத் தேர்வர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லா வாக்காளரும் தேர்வர். முதற்கட்டத்தில் நம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றோர் பலர் இறுதித் தேர்தலில் பிறர் வாக்குகளால் தோற்றதை அம்பேத்கர் பின்னர் எடுத்துக்காட்டினார். எவருடைய வாக்கால் ஒருவர் வெல்கின்றாரோ அவருக்கே அவர் அஞ்சுவார். இவ்வுண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டு, திரும்ப அழைத்தல் என்னும் ஏற்பாட்டை நோக்குவோம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903இல் இவ்வுரிமையைத் தன் நகராட்சி விதியில் சேர்த்தது. இந்தியாவில் 1925இல் இந்துஸ்தான் குடியரசுச் சங்கத்தின் புரட்சியாளர் தம் அறிக்கையில் இதனை வேண்டினர். 1974இல் சி. கே. சந்திரப்பன் மக்களவையில் இதற்கென அரசியலமைப்புத் திருத்த மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அதே காலத்தில் செயப்பிரகாச நாராயணரும் இவ்வுரிமைக்காகக் குரல் கொடுத்தார். உள்ளாட்சியில் இதனைச் செயலாக்கிக் காட்டிய மாநிலம் மத்தியப் பிரதேசம். அங்கே நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்க, முதலில் உறுப்பினருள் முக்கால் பங்கினர் ஒப்ப வேண்டும். பின்னர் நகர மக்கள் அனைவரும் மறைவாக வாக்களிப்பர். ஆள் அமர்ந்த நாற்காலியும் வெறும் நாற்காலியுமே சின்னங்கள். எழுத்தறியாத முதியவரும் பொருள் உணரும் சின்னங்கள் அவை! 2001இல் அனூப்பூர் நகரில் வெறும் நாற்காலி வென்றது. 2008இல் சத்தீசுகரில் நவாகட், குண்டர்தேகி, இராச்பூர் ஆகிய மூன்று ஊர்த் தலைவர்கள் இவ்வாறே பதவி இழந்தனர். அரியானா 2020இல் ஊராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்கச் சட்டம் இயற்றியது.

தமிழ்நாட்டிலோ மக்களுக்கு இவ்வுரிமை அளிக்கப்படவில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. அவர் தாமாகவோ, ஊராட்சி உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினரின் எழுத்து முறையீட்டின் பேரிலோ நடவடிக்கை தொடங்கலாம். நகரங்களில் உறுப்பினர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். வாக்களித்த குடிமகனுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

சட்டம் இல்லாவிடினும் 'திரும்ப அழைத்தல்' இந்நாட்டில் நடந்தே இருக்கிறது. 1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தலும் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கே வேட்புமனு தடுக்கப்பட்டது. தேர்தல் நடந்தபோதும், வென்றவர் உடனே பதவி விலகச் செய்யப்பட்டனர். 2006இல்தான் அந்நிலை மாறியது. மேலவளவில் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30இல் தம்முடன் வந்த தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். கையெழுத்தும் வாக்குப்பெட்டியும் இன்றி, அரிவாளால் அழைத்த அழைப்பு அது. அவர்கள் செய்த குற்றம் கணக்குக் காட்டாமை அன்று, நாற்காலியில் அமர்ந்தமையே.

இதனாற்றான் நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும் என்கின்றோம். ஓர் ஊராட்சியில் ஆயிரம் வாக்காளர் எனக் கொள்வோம். அவருள் நம்மவர் இருநூற்றுவர். ஒதுக்கிய பதவியில் நம்மவர் ஒருவர் அமர்ந்து, பொதுக்குளத்தில் நம் மக்களுக்கும் உரிமை உண்டு என்கின்றார். பெரும்பான்மையே போதும் என்று சட்டம் இருப்பின், எண்ணூற்றுவர் கூடி அவரை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பலாம். அப்போது அரிவாளுக்கு வேலையில்லை. சட்டமே அவ்வேலையைச் செய்து முடிக்கும்.

அதற்காக இவ்வுரிமையே வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது. ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து, நம் தெருவை எட்டியும் பாராத உறுப்பினரும் உளர். பிறர் கைப்பாவையாய்க் கையொப்பம் மட்டும் இடுவோரும் உளர். அவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டும். ஆகவே, திரும்ப அழைக்கும் சட்டம் வருமாயின் அதில் மூன்று காப்புகள் இருத்தல் வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் அமைந்து நடுநிலையாளரால் ஆராயப்பட வேண்டும். பதவியேற்று உரிய காலம் கழிந்த பின்னரே, ஒரு பதவிக்காலத்தில் ஒருமுறை மட்டும், மறைவான வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும். மூன்றாவதே தலையாயது: ஒதுக்கிய இடமாயின், ஒதுக்கீடு எம்மக்களுக்கு உரியதோ அம்மக்களின் பெரும்பான்மை ஒப்புதலும் தனியே பெறப்படல் வேண்டும். பூனா ஒப்பந்தத்தின் முதற்கட்டத் தேர்தலில் இருந்த கருத்தே இது. தேர்ந்து அனுப்புவதில் நம் சொல் முதலில் கேட்கப்பட்டது போல, திரும்ப அழைப்பதிலும் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் வழக்கு.

சட்டம் வருந்துணையும் நம் கை வெறுங்கையன்று. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. அதன் முதல் மேயர் பதவி ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் வசந்தகுமாரி அப்பதவியில் அமர்ந்தார். உத்தரமேரூர்க் குடத்துள் விழாத பெயர் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து மாநகர மன்றத்தின் தலைமையில் ஒலித்தது. அவ்வாண்டு நவம்பர் 1இல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் நம் பம்மலிலேயே நடந்தது. சிட்லப்பாக்கத்தார் 2019இல் தம் ஏரியைத் தாமே இறங்கித் தூய்மை செய்து அரசின் கண்ணைத் திறந்ததும் நாம் அறிந்ததே.

பகுதி சபையும் கிராம சபையும் நமக்காகவும் திறந்த வாயில்கள். அங்கே நாம் செல்லாவிடின், நம் பெயரால் பிறர் பேசுவர். இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர், கூட்ட நாளில் ஒரு குறிப்பேட்டுடன் சென்று முன்வரிசையில் அமர்க. எவ்வளவு பணம் வந்தது, எந்தத் தெருவுக்குச் சென்றது, நம் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு, விடையை எழுதிக்கொள்க. நம் உறுப்பினர் நேர்மையாளராயின் அவருக்குத் துணை நிற்க. தவறினால் அவரை நாமே முதலில் கேட்க. நம்மவரை நாமே கேட்கத் தவறினால், அவரை விரட்டும் உரிமையைப் பிறர் எடுத்துக்கொள்வர். கேட்கத் தெரிந்த மக்களுக்கே திரும்ப அழைக்கும் உரிமை பயன்படும். அதற்கான கல்வியைத் தருவதே கல்விச் சங்கங்களின் பணி என்க.